நீல நூல் மேலே

1

எங்கள் வீட்டு அடுப்படியில், குழாய்க்கு நேர் கீழே ஒரு சின்ன அலுமினியக் குடம் இருக்கிறது. அதன் வாயில் ஒரு துணி கட்டியிருக்கும். ஆறு வருடமாக நாங்கள் குடிக்கிற தண்ணீர் அந்தத் துணி வழியாகத்தான் குடத்துக்குள் இறங்குகிறது. இது இங்கிலாந்து, வடக்கே ஒரு பஞ்சாலை ஊர். இங்கே குழாயில் வருகிற தண்ணீரை நகராட்சி ஏற்கெனவே மணலில் வடித்து, மருந்து போட்டு, சோதனை பார்த்துத்தான் அனுப்புகிறது. அதை நான் மறுபடி வடிகட்டுவது, வெளுத்து வந்த வேட்டியைத் திரும்ப ஒருமுறை துவைப்பது மாதிரி. தெரியும். தெரிந்துதான் செய்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை வேலையிலிருந்து வந்து பார்த்தால் துணியைக் காணோம்.

என் மகள் மல்லிகாவுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் மோலி. செஞ்சியில் இருந்தவரை என்னை நைனா என்று கூப்பிட்டாள், இங்கே வந்த கொஞ்ச நாளில் அப்பா ஆனேன், இப்போது டாட். படிப்படியாகப் பதவி இறக்கம். அன்றைக்கு அவளுடைய சிநேகிதி ஒருத்தி டீ குடிக்க வருவதாக இருந்ததாம். வருவதற்கு முன்னால், வீட்டில் வெட்கப்பட வேண்டிய சாமான்களை எல்லாம் அப்புறப்படுத்தியிருக்கிறாள். நான் வேலைக்குப் போயிருந்ததால் தப்பித்தேன். துணி தப்பவில்லை.

"குப்பைல போட்டுட்டேன், டாட். கிழிஞ்சு, மஞ்சளாயி, பாக்கவே அசிங்கமா இருக்குது. குழாய்த் தண்ணிய யாராவது வடிகட்டுவாங்களா? அவ கேட்டா நான் இன்னா சொல்றது?"

செஞ்சியிலிருந்து அவள் நாக்கில் மிச்சமிருப்பது அந்த 'இன்னா' ஒன்றுதான். வேறு நாளாக இருந்தால் அதற்காகவே மன்னித்திருப்பேன். ஆனால் மறுநாள் காலையில் குப்பை வண்டி வருகிற நாள். கொல்லைப்புறச் சந்துக்கு ஓடிப்போய்க் குப்பைத் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டேன். கரிச்சாம்பல், உருளைக்கிழங்குத் தோல், டீத்தூள். பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு மேலே தலையை நீட்டி என்ன தேடுகிறேன் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ஒரு பழைய துணி, அது எனக்கு ரொம்பத் தேவை" என்றேன். அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய், நல்ல துவாலையாக ஒன்று கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போனாள். முகத்தில் அப்படி ஒரு இரக்கம். வாங்கிக்கொண்டேன். மறுத்துப் பேச எனக்கு வாக்கியம் அமையவில்லை.

துணி, சாம்பலுக்கு அடியில் கிடைத்தது. நிமிர்ந்தால் மல்லிகா வாசற்படியில் நிற்கிறாள்.

"ஒரு துணிக்கா இப்படி?" என்றாள்.

அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன். அவளிடம் பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் தடுக்கித் தடுக்கிச் சொன்னேன். உங்களிடம் அந்தச் சாக்கு எனக்கு இல்லை.

2

செஞ்சியில் நான் ஹெல்த் இன்ஸ்பெக்டர். ஒரு சைக்கிள், ஒரு காக்கிப் பை, நோயை விளக்கிக் காட்டச் சுருட்டி வைத்த நாலு படம். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது: நோயைத் தடுப்பதில் மூன்று படி. ஒன்று, வரவே விடாதே. இரண்டு, வந்தால் ஆரம்பத்திலேயே கண்டுபிடி. மூன்று, முற்றிப் போனால் ஆளையாவது காப்பாற்று. மேல் படிக்குப் போகப் போகச் செலவு ஏறும், பலன் குறையும். அதனால் முதல் படியிலேயே நின்று வேலை செய்யுங்கள் என்றார்கள்.

பாடத்தில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. காய்ச்சலை இறக்கிய டாக்டருக்குக் கோழி கொண்டுவந்து கட்டுவார்கள். காய்ச்சலே வராமல் பார்த்துக்கொண்டவனுக்கு என்ன கொடுப்பது? நடக்காத ஒன்றை யாரிடம் எடுத்துக் காட்டுவது? மூன்று வருடம் சைக்கிள் மிதித்ததில் எனக்குக் கிடைத்த வரவேற்பெல்லாம், "வன்ட்டாருய்யா, தண்ணியக் கொற சொல்ல" என்பதுதான்.

செஞ்சியிலிருந்து தளவானூர்ப் பக்கம் போகிற வழியில் ஒரு காலனி இருந்தது. கூலிவேலை செய்கிறவர்கள், நாற்பது வீடு. கோடையில் அவர்களுக்குக் குடிக்க ஒரே ஒரு படிக்கிணறு. இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று மொண்டு வர வேண்டும். வருடா வருடம் கடலை பிடுங்குகிற சமயத்தில் அங்கே பத்துப் பேராவது காலில் துணி சுற்றிக்கொண்டு படுத்திருப்பார்கள். நரம்புச் சிலந்தி என்று பெயர். கணுக்காலில் ஒரு கொப்புளம் வரும், கொள்ளி வைத்த மாதிரி எரியும். உடைந்தால் உள்ளே வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு, முழ நீளத்துக்கும் மேலே. ஒரே இழுப்பில் எடுக்க முடியாது. ஒரு குச்சியில் சுற்றி, தினம் ஒரு விரற்கடை வெளியே எடுக்க வேண்டும். பாதியில் அறுந்தால் கால் வீங்கிச் சீழ் பிடிக்கும். அதற்குமேல் எது வேண்டுமானாலும் ஆகலாம்.

எரிகிற காலைத் தண்ணீரில் வைத்தால் சுகமாக இருக்கும். அப்படி அந்தக் கால் கிணற்றில் இறங்கும்போது புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டுவிடும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துள்ளுகிற ஒரு பூச்சி அவற்றைத் தின்னும். பூச்சியோடு தண்ணீரை நாம் குடிப்போம். அடுத்த வருடம் அதே மாதம் நம் காலில் நூல் வரும். இதற்கு மருந்து கிடையாது. தண்ணீரை இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டிக் குடித்தால் வராது. அவ்வளவுதான்.

சொன்னால் சிரிப்பார்கள்.

"போன வருசம் குடிச்ச தண்ணி இந்த வருசம் கால்ல வருதா? அப்போ போன வருசம் தின்ன சோறு இன்னா சார் ஆச்சு?"

நோய்க்கும் காரணத்துக்கும் நடுவில் ஒரு வருடம் நிற்கும்போது, பிரசங்கம் பண்ணுகிறவன்தான் முட்டாளாகத் தெரிவான்.

3

அந்தக் காலனியிலிருந்து அரை மைலில் தரணேந்திர நயினார் வீடு. சமணர், கடலை வியாபாரம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என்னைக் கேலி பண்ணுவதில் நூறு வயது மூத்தவர். அவர் வீட்டில் ஒருத்தருக்கும் சிலந்தி வந்ததே கிடையாது. காரணத்தைக் கண்டுபிடிக்க நான் அதிகம் கஷ்டப்படவில்லை. தண்ணீரில் இருக்கிற சின்ன ஜீவனைக்கூட வயிற்றில் போட்டுக் கொல்லக்கூடாது என்று, தலைமுறை தலைமுறையாகத் துணியில் வடித்துத்தான் குடிக்கிறார்கள்.

"உங்க வூட்டு மாதிரியே காலனிலயும் வடிக்கச் சொல்லப்போறேன், நயினாரே" என்றேன்.

"சொல்லும். வடிச்ச துணிய இன்னா பண்ணச் சொல்வீரு?"

"வெயில்ல உதறிக் காயப்போடச் சொல்வேன்."

"அப்போ அது எங்க வூட்டு மாதிரி இல்ல. நாங்க அந்தத் துணிய அதே தண்ணில அலசி, ஜீவனை எடுத்த எடத்துலயே விட்டுடுவோம். நீரு கொல்றதுக்கு வடிக்கிறீரு. நான் காப்பாத்துறதுக்கு வடிக்கிறேன்."

"துணி ஒண்ணுதானே?"

"துணி ஒண்ணுதான்யா. கை வேற."

இப்படி ஒரு வாரம் வாதம் பண்ணிவிட்டு, எட்டாம் நாள் ஒரு சுருள் கெட்டித் துணியைத் தூக்கி என் சைக்கிளில் வைத்தார். "மனுசனும் ஜீவன்தானே, எடுத்துட்டுப் போம். பூச்சி பாவம் உம்ம தலையில" என்றார்.

துணியை நாற்பதாக வெட்டி, இரட்டையாக மடித்து, என் மனைவி சரோஜா தைத்துக் கொடுத்தாள். மேல் மடிப்பின் ஓரத்தில் மட்டும், அடிப்பக்கம் தெரியாதபடி, நீல நூலால் ஒரு வரிசைத் தையல். அது என் யோசனை. என் உத்தியோக வாழ்க்கையில் நான் கண்டுபிடித்த ஒரே பொருள். துணியைத் தலைகீழாகக் கட்டினால், நேற்று மேலே தங்கிய பூச்சி இன்று குடத்துக்குள் விழும். அதனால் நீல நூல் எப்போதும் மேலே பார்க்க வேண்டும். வீட்டுக்கு ஒரு துணி கொடுத்து, இதையே நாற்பது வாசலிலும் சொன்னேன்.

முதலில் வாங்கிக்கொண்டவள் குப்பம்மா. புருஷன் இல்லை. செல்வி என்று ஒரே பெண், பதினாலு வயது. இரண்டு பேரும் கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும். குப்பம்மாவுக்கு இரண்டு வருடம் அடுத்தடுத்துச் சிலந்தி வந்து, கடலை பிடுங்கும் காலம் முழுக்கப் படுத்துக் கிடந்திருந்தாள். அந்தக் காலனியில் என்னை நம்பினவள் அவள் ஒருத்திதான். செல்வி நம்பினாளா என்று சொல்ல முடியாது. ஆனால் மற்ற வீடுகளுக்குப் போய் அதட்டுவதில் அவளுக்கு ருசி இருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்னே, "தெரியும் சார், நூல் மேல. தூக்கத்துலயும் இதத்தான் சொல்வீங்களா?" என்பாள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். என் பையில் எப்போதும் என் சொந்தத் தண்ணீர்ப் புட்டி இருக்கும். அந்தக் காலனியில் நான் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. புழுவுக்குப் பயந்துதான். ஆனால் அங்கே வந்து போகிற எந்த அதிகாரியும் தண்ணீர் குடித்ததில்லை. அவர்களுக்குப் புழுவைப் பற்றியே தெரியாது. என் புட்டியைப் பார்த்தவர்கள் என்னையும் அந்த வரிசையில்தான் சேர்த்திருப்பார்கள். விளக்கம் சொல்லலாமா என்று பலமுறை நினைத்து, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

4

அறுபத்தொன்றில், இந்தப் பஞ்சாலை ஊரிலிருந்து சரோஜாவின் அண்ணன் எங்களைக் கூப்பிட்டான். வேலையை விட்டேன். புறப்படுவதற்கு முன்னால் ஒரு பகல், சொல்லிக்கொண்டு வரலாம் என்று காலனிக்குப் போனேன்.

குப்பம்மா ஒரு மூட்டையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். வறுத்த கடலை.

"இந்த வருசம் எங்க வூட்ல ஒருத்தர் காலுக்கும் ஒண்ணும் ஆவல சார். ஒரு நாள்கூட வேல நிக்கல. கப்பல்ல தின்னுங்க."

மூன்று வருடத்தில் முதல் தடவை. நடக்காமல் போன ஒன்றுக்கு ஒரு மனுஷி எனக்கு நன்றி சொன்னாள். கண்ணில் தூசி விழுந்ததாகப் பாவனை பண்ணி, பக்கத்தில் சாத்தியிருந்த சைக்கிளின் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போறீங்களா சார்?" என்று கேட்டவள், சொம்பை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினாள். "இருங்க, வடிச்சி..." என்று என் மடியிலிருந்த மூட்டைப் பக்கம் கையைக் கொண்டுவந்தாள். முடிச்சைச் சரிபார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"வேணாம்மா. அப்படியே குடு."

புட்டிக்குப் பரிகாரமாக அந்தச் சொம்பை நான் முழுதாகக் குடித்தேன், அண்ணாந்து, ஒரு சொட்டு விடாமல். காலனியே பார்த்தது. செல்வி வாசலில் நின்று கைகொட்டினாள்.

"வடிக்காம குடிக்கிறாரு பாரு, இன்ஸ்பெட்டரு!"

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் சத்தமாகச் சிரித்தேன். அன்றைக்கு நான் என்னைப் பெரிய மனிதனாக உணர்ந்தேன். அப்படி உணர்கிற நேரத்தில் ஆள் ஏதாவது ஒரு பாடத்தை மறந்திருப்பான்.

5

இங்கே வந்து ஒரு வருடம் முடிய மூன்று நாள் இருந்தது. எனக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. வலது கணுக்காலில் ஒரு கொப்புளம். நாற்பது வயதுக்கு மேல் ஷூ போடப் பழகினவன் நான். கடித்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டாம் நாள் எரிச்சல் தாங்காமல் குளியல் தொட்டியில் காலை வைத்தேன். கொப்புளம் உடைந்தது. தண்ணீரில் பால் மாதிரி ஒரு கலங்கல் பரவியது. நடுவில் வெள்ளையாக ஒரு நுனி.

மூன்று வருடம் நாற்பது வீட்டுக்குப் படம் காட்டியவனுக்கு, அது என்னவென்று யாரும் படம் காட்டத் தேவையில்லை. சுங்கத்தில் சொல்லாமல் நான் கொண்டுவந்த ஒரே சரக்கு.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்ததும் வெளியே ஓடி, இன்னும் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். என் காலுக்கு ஊரில் ஒருநாளும் கிடைக்காத மரியாதை. ஒரு படிவம் வந்தது. டாக்டர் கேட்கக் கேட்க ஒருவர் நிரப்பினார்.

"இது எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியுமா?"

"ஒரு வீட்டில் தண்ணீர் குடித்தேன்."

"முன்பு சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்ததாகச் சொன்னீர்களே. வடிகட்டாமல் ஏன் குடித்தீர்கள்?"

அதற்கு என்னிடம் ஆங்கிலம் இல்லை. பக்கத்தில் தமிழ் தெரிந்தவர் யாராவது இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. 'தெரியவில்லை' என்று அந்தக் கட்டத்தில் எழுதிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து, புழுவின் நுனியை ஒரு தீக்குச்சியில் சுற்றி, மேலே கட்ட நல்ல துணி ஒன்று கேட்டேன். சரோஜா டிரங்குப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தாள். கடலை வந்த துணிதான்; கப்பலில் கடலை தீர்ந்தபிறகு சீரகம் முடிந்து வைத்திருந்தாளாம். இரண்டு சுற்றுச் சுற்றியபிறகுதான் அது இரட்டைத் துணி என்று கையில் தட்டுப்பட்டது. விரித்துப் பார்த்தேன். ஓரத்தில் நீல நூல்.

எங்கள் பக்கம் ஒருத்தருக்கு ஒன்றைக் கொடுத்தால், வீட்டில் இருக்கிறதிலேயே நல்ல துணியில் முடிந்து கொடுப்பார்கள். குப்பம்மா வீட்டில் நல்ல துணி அது ஒன்றுதான். அன்று காலையே அதில் கடலையை முடிந்துவிட்டாள். அதனால்தான் தண்ணீர் வடிக்க மூட்டைப் பக்கம் கை நீட்டினாள். நான் பெருந்தன்மையாகத் தடுத்தேன். "வடிச்சிக் குடும்மா" என்று ஒரு வார்த்தை, மூன்று வருடமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அந்த ஒரே வார்த்தையை அங்கேயும் சொல்லியிருந்தால், அவள் முடிச்சை அவிழ்த்திருப்பாள். எனக்கு விஷயம் தெரிந்திருக்கும். துணி அந்த வீட்டிலேயே இருந்திருக்கும்.

அதே குடத்துத் தண்ணீரைத்தான் குப்பம்மாவும் செல்வியும் குடித்தார்கள். அன்று மட்டுமல்ல, அதற்குப் பின்னாலும் துணி இல்லாமல். என் காலில் இந்த வாரம் நுனி வந்திருக்கிறதென்றால், அவர்கள் காலில்?

உட்கார்ந்து நயினாருக்கு விமானத் தபால் எழுதினேன். உடனே குப்பம்மா வீட்டுக்குப் போங்கள். இரண்டு பேர் காலையும் பாருங்கள். நூல் வந்திருந்தால் இழுக்க விடாதீர்கள், சாம்பல் சாணி எதுவும் வைக்க விடாதீர்கள், வேலைக்கு அனுப்பாதீர்கள். ஒரு துணி கொடுங்கள். கடைசியில் மறந்துவிடாமல், நீல நூல் மேலே என்று எழுதினேன்.

6

பதில் வருகிறவரை தினமும் காலையில் தீக்குச்சியை ஒரு சுற்றுத் திருப்புவேன். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு ஊர் நினைப்பு விடாது என்பார்கள். நான் ஊரைத் தினம் ஒரு விரற்கடை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அறாமல் முழுசாக வந்தது. எனக்கு உட்கார நாற்காலி இருந்தது, வேலைக்கூடத்தில் லீவு கொடுத்தார்கள், கட்ட நல்ல துணியும் இருந்தது.

நயினாரின் கடிதம் சுருக்கமாக இருந்தது. நான் வந்தபின் என் இடத்துக்கு யாரையும் போடவில்லை. துணி போனபிறகு குப்பம்மா பழைய புடவையைக் கிழித்து வடித்திருக்கிறாள். அந்தப் புடவையைத் தூக்கிப் பிடித்தால் எதிரில் நிற்கிறவர் முகம் தெரியுமாம். கடலை பிடுங்கும் சமயத்தில் இரண்டு பேர் காலிலும் கொப்புளம். ஊருக்கெல்லாம் வடிக்கச் சொன்ன வீட்டிலேயே வந்துவிட்டதே, சிரிப்பார்களே என்று செல்வி காலை மறைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். மூன்றாம் நாள் கடலைக் கொல்லையில் நூல் அறுந்தது. கால் வீங்கியது. சாம்பல் வைத்துக் கட்டினார்கள். பிறகு ஜன்னி கண்டு வாய் பூட்டிக்கொண்டது. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபிறகு இரண்டு நாள்தான் உயிரோடு இருந்தாள்.

என் கடிதம் போய்ச் சேர்ந்தது அதற்கு நாலாம் நாள்.

முதல் படியை நான் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டாம் படியில் காலைப் பார்க்க ஆள் இல்லை. மூன்றாம் படிக்கு நாலு நாள் தாமதம். பயிற்சியில் இந்தப் பாடத்தை எங்களுக்கு இவ்வளவு தெளிவாக யாரும் நடத்தவில்லை.

நயினார் கடைசியில் எழுதியிருந்தார்: 'ஏம்மா, அரை மைலில் இருக்கிறேன், என்னிடம் வந்து ஒரு துணி கேட்டிருக்கலாமே என்றேன். "சார் குடுத்த துணிய சாருக்கே குடுத்துட்டேன்னு வெளிய தெரிஞ்சா, அவருக்கு மேல எடத்துல ஏதாவது ஆயிடுமோன்னு பயந்தேன்" என்கிறாள். அவளை என்ன சொல்வது. தண்ணீரில் இருக்கிற ஜீவனை எல்லாம் பார்த்துப் பார்த்து வடித்தேன். அரை மைலில் இருந்ததைப் பார்க்கவில்லை.'

7

அந்தத் துணியைத் துவைத்து, கூடவே இங்கே வாங்கிய புதுத்துணியும் வைத்து அனுப்புகிறேன் என்று பதில் எழுதினேன். எடுத்த இடத்திலேயே விட வேண்டும் என்பது நயினார் வீட்டு முறையல்லவா. அனுப்புவதால் என்ன ஆகிவிடும் என்று எனக்கே தெரியவில்லை. ஏதாவது செய்ய வேண்டியிருந்தது.

அவரிடமிருந்து இரண்டாம் கடிதம் வந்தது. புதுத்துணி வேண்டாம், தானே நாற்பது வீட்டுக்கும் மறுபடி கொடுத்துவிட்டதாகவும், மாதம் ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பதாகவும் எழுதியிருந்தார். குப்பம்மாவுக்குப் புழு முழுசாக வந்துவிட்டது, கொஞ்சம் சாய்ந்து நடக்கிறாள். பழைய துணியைத் திருப்பி அனுப்புவது பற்றி அவளிடம் கேட்டாராம். அவள் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்:

"அது அவருகிட்டயே இருக்கட்டும். அந்த ஊரு தண்ணி எப்டியோ, யாரு கண்டா. வடிச்சிக் குடிக்கச் சொல்லுங்க. நூல் மேல."

அன்றிலிருந்து வடிக்கிறேன்.

மல்லிகா வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவளுக்கு அப்போ எத்தன வயசு?"

"உன் வயசுதான்."

எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் நான் அடுப்படிக்கு வந்தபோது துணி சோப்புப் போட்டு அலசி, குடத்தின் வாயில் கட்டியிருந்தது. இழுத்து, முடிச்சுப் போட்டு, ஒழுங்காகத்தான் கட்டியிருந்தாள். நீல நூல் மட்டும் அடியில் இருந்தது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். நாற்பது வாசலில், மூன்று வருடம், அலுக்காமல் சொன்னதுதான்.

நானே முடிச்சை அவிழ்த்து, திருப்பிக் கட்டிவிட்டு, குழாயைத் திறந்தேன்.